பல்சர் 150இல் அட்ஜஸ்டபிள் ஃபுட்ரெஸ்ட்: எவ்வளவு இறக்கலாம், கியரும் பிறேக்கும் என்னாகும்?

வல்லைவெளி எழுதியது:

வணக்கம் அண்ணைமார். பைக் பல்சர் 150, 2014 மொடல், பின்னுக்கு ட்ரம் பிறேக். எனக்கு உயரம் 6 அடி. பருத்தித்துறையில இருந்து யாழ்ப்பாணம் டவுனுக்கு ஒவ்வொரு நாளும் போய் வரவேணும். நீர்வேலி வர முதலே முழங்கால் இறுகி, தொடையின் கீழ்ப்பக்கம் விறைக்கத் தொடங்குது. கம்பனி ஃபுட்ரெஸ்ட்டைக் கழற்றிப்போட்டு, அடப்டரோட (பைக்குக்கும் பெக்குக்கும் இடையில் பூட்டுற துண்டு) வாற அலுமினியம் பெக் (கால் வைக்கிற கட்டை) செற் ஒன்று போடலாமோ என்று யோசிக்கிறன். முன்னுக்கு, பின்னுக்கு, கீழே என்று 32 மில்லிமீற்றர் வரை அசைக்கலாமாம். எல்லா பைக்குக்கும் பொருந்தும் என்று போட்டிருக்கு.

எவ்வளவு இறக்கினால் பிரயோசனம் தெரியும்? கியர் லீவரும் பிறேக் பெடலும் இருந்த இடத்திலேயே இருந்தால் என்ன செய்யிறது? வளைவில் நிலத்தில் தட்டுமோ? வல்லை வெளியால தினமும் போறதால உப்புக் காத்துக்கு இது தாங்குமோ? செய்து பழகினவை விபரமாச் சொல்லுங்கோ.

நீர்வேலி_ஸ்பனர் எழுதியது:

தம்பி, காசு கட்ட முதல் ஒரு சோதனை செய்து பாருங்கோ. வீட்டில் கிடக்கிற தடிச்ச போர்வையை மடிச்சு, உட்கார்ந்தால் 25 மில்லிமீற்றர் உயரம் நிக்கிற மாதிரி சீற்றில கட்டிக்கொண்டு ரெண்டு மூன்று நாள் ஓடுங்கோ. இடுப்புக்கும் பெக்குக்கும் இடையிலான தூரம்தான் முழங்கால் எவ்வளவு மடங்கும் என்பதைத் தீர்மானிக்கிறது. மேலே 25 உயர்ந்தாலும் கீழே 25 இறங்கினாலும் முழங்காலுக்கு அது ஒன்றுதான். அந்த ரெண்டு மூன்று நாளில் விறைப்புக் குறையவில்லை என்றால் பெக் மாற்றியும் குறையாது. அப்போது சீற்றின் முன்விளிம்பு தொடையை அழுத்துதோ என்று பார்க்கவேணும்.

கணக்கும் சொல்லிவிடுறன். தொடை 45 சென்ரிமீற்றர், முழங்காலில் இருந்து கீழே 45 என்று வைத்து, இப்போது முழங்கால் 80 பாகையில் மடங்கியிருக்குது என்று எடுத்தால், 25 மில்லிமீற்றர் கூடும்போது அது 84, 85 பாகைக்கு வரும். கேட்கச் சின்ன எண்ணாக இருக்கும். ஆனால் ஒரு மணித்தியாலம் அசையாமல் மடங்கியிருக்கிற மூட்டுக்கு அந்த 4, 5 பாகை நல்லாவே தெரியும். பெக்கை 40 மில்லிமீற்றருக்கு மேலே இறக்க நினைக்காதேங்கோ. ஏன் என்று கீழே வருது.

32 மில்லிமீற்றர் "அசைக்கலாம்" என்று போட்டிருக்கிறதைச் சரியாக விளங்கிக்கொள்ளுங்கோ. அடப்டரில் இருக்கிறது 32 நீளமான ஒரு கை. அது வட்டத்தில் சுற்றும். நேரே கீழே விட்டால் 32 கீழே, பின்னுக்கு 0. 45 பாகையில் விட்டால் 23 கீழே, 23 முன்னுக்கு அல்லது பின்னுக்கு. நேரே பின்னுக்கு விட்டால் 32 பின்னுக்கு, கீழே ஒன்றும் இல்லை. கீழே 32, பின்னுக்கு 32 என்று ரெண்டையும் ஒன்றாக எடுக்க முடியாது.

உங்களுக்கு வேண்டியது கீழே, அல்லது கீழேயும் கொஞ்சம் முன்னேயும். பின்னுக்குப் போகவே வேண்டாம். பெக் பின்னுக்குப் போனால் உடம்பு முன்னே சரிந்து மணிக்கட்டில் பாரம் ஏறும். குதிக்கால் பின்னால் இருக்கிறவரின் ஃபுட்ரெஸ்ட் பிராக்கெற்றில் இடிக்கும். இடது பக்கத்தில் சாறி கார்ட் இருந்தால் அதிலும் இடிக்கும்.

நிலத்தில் தட்டுறதைப் பற்றி: பைக்கை நிமிர்த்தி வைத்து ரெண்டு அளவு எடுங்கோ. பெக் நுனி நிலத்தில் இருந்து எவ்வளவு உயரம், பைக்கின் நடுக்கோட்டில் இருந்து எவ்வளவு தூரம். உதாரணமாக உயரம் 280, தூரம் 330 மில்லிமீற்றர் என்றால் 40 பாகை சாயும்போது நுனி நிலத்தைத் தொடும். 30 இறக்கினால் 37 பாகை. அடப்டர் பெக்கை 20 வெளியால் தள்ளினால், பெரும்பாலும் தள்ளும், 35 பாகையளவு. ரயர் அகலமும் சஸ்பென்சன் அமர்வதும் சேர்க்காத கணக்கு இது. ஆளும் சாமானும் ஏற்றினால் இன்னும் குறையும். 50 மீற்றர் ஆரையுள்ள வளைவை மணிக்கு 60 கிலோமீற்றரில் எடுக்க 30 பாகை அளவு சாயவேணும். எங்கட தட்டை நிலத்து வீதியில் தினசரி ஓட்டத்துக்கு 30 இறக்கினால் இடம் மிச்சம் இருக்குது. 50 இறக்கி, 20 வெளியே தள்ளினால் மிச்சம் ரெண்டு மூன்று பாகைதான். அதில் ஒரு பள்ளம் வந்தால் தட்டிவிடும்.

கியர், பிறேக் பற்றித் தனியாக எழுதுறன். அதுதான் இந்த வேலையின் முக்கால்வாசி.

கொக்குவில்_லேத் எழுதியது:

மேலே சொன்னதோட உடன்பாடு. நான் பாகங்களைப் பற்றி மட்டும் சொல்லுறன்.

"எல்லா பைக்குக்கும் பொருந்தும்" என்பதை நம்பி வாங்கவேண்டாம். பைக் பக்கத்துப் பிராக்கெற்றில் ரெண்டு காது இருக்கும், அதுக்குள்ள பெக்கின் நாக்குப் போகும், குறுக்கே ஒரு கிளெவிஸ் பின், அதன் முனையில் அது கழன்று வராமல் பிடிக்கிற ஸ்பிளிற் பின். காதுகளுக்கு இடைவெளி, பின்னின் விட்டம், துளையில் இருந்து காதின் அடிமுகம் வரை உள்ள ஆழம், இந்த மூன்றையும் வேர்ணியரால் அளந்து, அடப்டர் நாக்கின் அளவோடு ஒப்பிட்டுத்தான் வாங்கவேணும். நாக்கு 1 மில்லிமீற்றர் மெல்லிசாக இருந்தால் ரெண்டு பக்கமும் அரை மில்லி ஸ்ரெயின்லெஸ் வாசர் போட்டுச் சமாளிக்கலாம். தடிப்பாக இருந்தால் நாக்கை அராவுங்கோ, காதை அராவக்கூடாது. காது போனால் பிராக்கெற் முழுதாக மாற்றவேணும்.

2020 மார்ச்சில் இலங்கையில் வாகன இறக்குமதியை நிறுத்தி 2025இல்தான் திரும்பத் திறந்ததால் இங்க ஓடுற பைக்கில் பெரும்பகுதி வயது போனவை. 2014 மொடலில் காதுத் துளை முட்டை வடிவமாக ஓடியிருக்கிறது வழமை. பழைய பெக்கை நுனியில் பிடிச்சு மேலும் கீழும் ஆட்டிப் பாருங்கோ. 3, 4 மில்லி ஆடினால் முதலில் துளையை ரீமர் போட்டு வட்டமாக்கி, அந்த அளவுக்குப் புதுக் கிளெவிஸ் பின் கடைஞ்சு போடவேணும். ஆடுற காதில் புது அடப்டர் பூட்டினால் ஆட்டம் கூடுமே தவிரக் குறையாது.

ஏன் கூடும் என்றதுக்கு ஒரு கணக்கு. 80 கிலோ ஆள் பள்ளத்துக்காக எழும்பி ஒரு பெக்கில் முழுப் பாரத்தையும் போட்டால் 785 நியூட்டன். பாதம் பிராக்கெற்றில் இருந்து 60 மில்லி தூரத்தில் இருந்தால் வளைக்கிற திருப்பம் 47 நியூட்டன் மீற்றர். அடப்டர் 20 வெளியால் தள்ளினால் 63. மூன்றில் ஒரு பங்கு கூட. அடப்டரின் கையைப் பின்னுக்கோ முன்னுக்கோ நீட்டி விட்டால் அதோட 25 நியூட்டன் மீற்றர் முறுக்கும் சேரும். கை நேரே கீழே இருந்தால் அந்த முறுக்கு இல்லை. இது ஆள் அசையாமல் நிற்கும்போது. குழியில் விழுந்து எழும்பும்போது ரெண்டு மூன்று மடங்கு வரும். அதனால் வாங்கும்போது வெளியால் ஆகக் குறைவாகத் தள்ளுற அடப்டரை எடுங்கோ. கையை ஆகலும் கீழ்நோக்கியே வையுங்கோ.

பல்லைப் பாருங்கோ. நல்ல அடப்டரில் ஒன்றோடொன்று சேருற ரெண்டு முகத்திலும் பல் வெட்டியிருக்கும். 36 பல் என்றால் ஒரு பல்லுக்கு 10 பாகை திரும்பும். முகங்கள் சேரும்போது பல்லுக்குப் பல் முழு ஆழத்துக்கு உட்காரவேணும். பெயின்ற் அல்லது அனோடைஸ் பூச்சின் தடிப்பு பல்லுக்குள் நின்றால் முக்கால் ஆழத்தில் நின்றுவிடும். இறுக்கும்போது இறுகின மாதிரி இருக்கும், ஒரு கிழமையில் பெயின்ற் நசுங்கி போல்ட் தளரும், பல் வழுக்கி முனை மழுங்கும். மழுங்கின பல்லுக்கு வைத்தியம் இல்லை. பித்தளைப் பிரஷால் பல்லைத் துப்புரவாக்கி, ஒரு முகத்தில் மார்க்கர் மை பூசி, சேர்த்து இறுக்கிக் கழற்றிப் பாருங்கோ. மை எல்லாப் பல்லின் பக்கத்திலும் பதிஞ்சிருக்கவேணும். பல் இல்லாமல் வழுவழு முகத்தில் போல்ட் இறுக்கம் மட்டும் பிடிக்கிற அடப்டரும் கடையில் விற்கினம். அதை வாங்கவேண்டாம்.

பல்லைப் பிடிக்கிற போல்ட் பெரும்பாலும் எம்8 (8 மில்லி விட்டம்), 6 மில்லி அலன் கீ. உருக்கில் இறங்கினால் 25 நியூட்டன் மீற்றர், அலுமினியத்தில் இறங்கினால் 20. அலுமினியத்தில் புரி குறைஞ்சது 12 மில்லி பிடிச்சிருக்கவேணும். அதைவிடக் குறைய இருந்தால் ஒருநாள் புரி உருவிக்கொண்டு வரும். நீல நிற திரெட் லொக் (புரி தளராமல் பிடிக்கிற பசை) 2 துளி போதும். சிவப்பு வேண்டாம், பிறகு சூடாக்கித்தான் கழற்றவேணும்.

இனி ஆக முக்கியமானது, மடங்கிற திசை. கம்பனி பெக் நிலத்தில் தட்டினால் மேல்நோக்கிப் பின்னுக்கு மடங்கும். அதுதான் உயிரைக் காப்பாற்றுற பாகம். மடங்காத பெக் நிலத்தில் ஊன்றினால் பின்ரயரை நிலத்தில் இருந்து தூக்கிவிடும். பெக்கைப் பிடிக்கிற வெளிக்காது கையோட ஒரே துண்டாக வார்த்திருந்தால், கையைத் திருப்பும்போது மடங்கிற திசையும் சேர்ந்து திரும்பும். 45 பாகை திருப்பினால் பெக் முன்னுக்கு மடங்கும், அல்லது கால் வைக்கிற முகமே சரிவாக நிற்கும். அதனால் ரெண்டு இடத்தில் பல்லுள்ள செற் வேணும். உள்பக்கப் பல்லால் இடத்தைப் பிடிக்கிறது, வெளிப்பக்கப் பல்லால் பெக்கைத் திரும்ப நேராக்கிறது. பூட்டி முடிஞ்சதும் கையால் பெக்கை மேலே தள்ளுங்கோ. எங்கும் தட்டாமல் மேலே பின்னுக்குப் போய், விட்டவுடன் ஸ்பிரிங் தானாகத் திருப்பிக் கொண்டுவரவேணும். ஸ்பிரிங் இடம் வலம் வேறு வேறு. மாற்றிப் போட்டால் பெக் தொங்கும்.

நுனி தொய்யவும் கூடாது. 90 மில்லி நீளப் பெக் 5 பாகை தொய்ந்தால் நுனி 8 மில்லி கீழே நிற்கும், கால் வெளியால் வழுக்கும். உருக்கு நாக்கு என்றால் தட்டுற முகத்தில் ஒரு வெல்டிங் மணி வைத்து அராவிச் சரியாக்கலாம். அலுமினியத்தில் அந்த வேலை செய்யக்கூடாது, சூட்டில் பலம் போகும்.

உப்புக் காற்று: அலுமினியம் அடப்டரில் ஸ்ரெயின்லெஸ் போல்ட் போட்டு, நடுவில் ஒன்றும் பூசாமல் விட்டால், ஈரமும் உப்பும் சேர்ந்து அலுமினியத்தைத்தான் தின்னும். வெள்ளைத் தூள் வரும், போல்ட் பிடிச்சு முறியும். திரெட் லொக் போட்ட புரிக்கு அதுவே தடுப்பு. போல்ட் தலைக்குக் கீழே வாசரைச் சுற்றி மெல்லிசாகக் கிறீஸ் பூசுங்கோ. கிளெவிஸ் பின்னுக்கு மெரைன் கிறீஸ், ஆறு மாதத்துக்கு ஒருக்கா கழற்றித் துடைச்சுப் பூசவேணும். ஐப்பசி மழைக்கு முதல் ஒன்று, பங்குனியில் ஒன்று. ஸ்பிளிற் பின் ஒருக்கா கழற்றினால் திரும்பப் போடாதேங்கோ. பத்து ரூபாய் மிச்சம் பிடிக்கிற இடம் இது இல்லை.

பண்ணைக்கரை எழுதியது:

எனக்கு இதில் மாற்றுக் கருத்து. மேலே அண்ணை போர்வை கட்டிப் பார்க்கச் சொன்னாரே, அதில் சுகம் தெரிந்தால் பேசாமல் சீற்றையே 25 மில்லி உயர்த்துங்கோ. பல்சரின் சீற் 785 மில்லி. 810 ஆனாலும் 6 அடி ஆளுக்கு ரெண்டு பாதமும் நிலத்தில் முழுதாக ஊன்றும். சீற் கவர் அடிக்கிற கடையில் பழைய ஃபோமின் மேல் அழுத்தமான ரீபொண்ட் ஃபோம் 25 மில்லி ஒட்டி, முன்விளிம்பைச் சாய்வாகச் சீவி, கவர் மாற்றிவிட்டால் வேலை முடிஞ்சுது. பஞ்சு மாதிரி மெத்தென்ற ஃபோம் போட்டால் ஒரு மாதத்தில் 10 மில்லிக்கு அமர்ந்துவிடும், அதைக் கவனியுங்கோ. கியர் லீவர், பிறேக், சாய்வு எதையும் தொடத் தேவையில்லை.

ரெண்டாவது, வெறும் அலுமினியப் பல் பெக் போட்டால் சொகுசு கூடும் என்று நினைக்கவேண்டாம். இது ஒற்றைச் சிலிண்டர் எஞ்சின். கம்பனி பெக்கில் ரப்பரும், உள்ளே இரும்பின் பாரமும் சேர்ந்துதான் அதிர்வைக் குடிக்குது. அதை எடுத்துப்போட்டு லேசான அலுமினியம் போட்டால் அதே வேகத்தில் உள்ளங்கால் கூசும். முழங்காலுக்கு வைத்தியம் பார்க்கப் போய்ப் பாதத்துக்கு வருத்தம் வாங்கினதாக முடியும். மேலே ரப்பர் பதித்த பெக் எடுங்கோ. முடிஞ்சால் அடப்டரை மட்டும் வாங்கி, கம்பனி பெக்கையே அதில் பூட்டுங்கோ.

செருப்போட ஓடுறவை கூர்ப்பல் பெக் போடவே கூடாது. ஒரு மாதத்தில் செருப்பின் அடியைத் தின்னும். சறுக்கினால் கணுக்காலைக் கிழிக்கும்.

நீர்வேலி_ஸ்பனர் எழுதியது:

சீற் பற்றிச் சொன்னது சரி. தனியாக ஓடுற உயரமான ஆளுக்கு அது நல்ல வழி. ஒரே குறை, சீற் உயர்ந்தால் ஹாண்டில் தாழ்ந்த மாதிரி ஆகும். பல்சரில் ஹாண்டில் ஏற்கெனவே முன்னுக்குத்தான். முதுகுக்கு ஒத்துவந்தால் சீற்றைச் செய்யுங்கோ. ஒத்துவராவிட்டால் சீற்றில் 10, பெக்கில் 15 என்று பிரிச்சு எடுக்கலாம். அடப்டரோட கம்பனி பெக் என்ற யோசனைக்கும் என் ஆதரவு.

இனி லீவர்கள்.

பெக்கைத் தொட முதல் ரெண்டு அளவு குறிச்சு வையுங்கோ. பெக்கின் மேல்முகத்துக்கும் கியர் லீவர் ரப்பருக்கும் உள்ள உயர வித்தியாசம், பெக்கின் மேல்முகத்துக்கும் பிறேக் பெடல் முகத்துக்கும் உள்ள வித்தியாசம். படமும் எடுங்கோ. வேலை முடியும்போது இதே ரெண்டு எண்ணும் திரும்ப வரவேணும். பெக் 25 இறங்கினால் ரெண்டும் 25 இறங்கவேணும்.

கியரில் ராட் வைச்ச லீவர் என்றால் ராட்டின் ரெண்டு முனையிலும் லொக் நட் இருக்கும். ஒன்று வலப்புரி, மற்றது இடப்புரி. தெரியாமல் இடப்புரியைத் தலைகீழாக இறுக்கி உடைக்கிறது இங்க அடிக்கடி நடக்குது. ரெண்டையும் தளர்த்தி ராட்டை மட்டும் கையால் சுற்றினால் நீளம் கூடிக் குறையும், லீவர் நுனி ஏறி இறங்கும். முனைகளில் புரி 7, 8 மில்லியாவது உள்ளே நிற்கவேணும். அதுக்குமேல் இறக்கவேணும் என்றால் ராட்டை விட்டுவிட்டு, எஞ்சினில் இருந்து வாற ஷாஃப்டில் உள்ள கையை ஒரு பல் மாற்றுங்கோ. அதன் எம்6 போல்ட்டை, 10 சாவியால், முழுதாகக் கழற்றி எடுக்கவேணும். ஷாஃப்டில் ஒரு பள்ளத்துக்குள்ளால்தான் அந்த போல்ட் போகும். அரைவாசி தளர்த்திப்போட்டு சுத்தியலால் தட்டினால் ஷாஃப்டின் புரிப்பல் போகும், எஞ்சின் சீலும் போகும். திரும்ப இறுக்கும்போது 10 நியூட்டன் மீற்றர். ராட்டும் ஷாஃப்ட் கையும் ஏறத்தாழ 90 பாகையில் நிற்கிற பல்லைத் தெரிவுசெய்யுங்கோ. அது விலகினால் கியர் ஏற்ற லேசாகவும் இறக்கக் கடினமாகவும், அல்லது மாறியும் இருக்கும். நியூட்ரல் பிடிக்கிறது கரைச்சலாகும்.

பிறேக்குக்கு வருவம். பெடலுக்குக் கீழே அதை நிறுத்தி வைக்கிற ஸ்ரொப்பர் போல்ட் ஒன்று லொக் நட்டோட இருக்கும். அதைச் சுற்றிப் பெடலை இறக்குங்கோ. இங்கதான் கன பேர் பிழை விடுகினம். பெடலை இறக்கிறது என்றால், காலால் கொஞ்சம் அழுத்தி வைச்ச மாதிரித்தான். பின்னால் இருக்கிற ராட்டும் இழுபடும், பிளே (பிறேக் பிடிக்க முதல் பெடல் சும்மா அசையிற தூரம்) இல்லாமல் போகும். அப்படியே ஓடினால் பிறேக் ஷூ ட்ரம்மில் உரசிக்கொண்டே இருக்கும், ட்ரம் சூடேறும், பெற்றோல் கூடத் தின்னும். அதனால் பெடலை இறக்கினவுடன் ட்ரம் பக்கத்து அட்ஜஸ்ட் நட்டைத் தளர்த்தி, பெடல் நுனியில் 20 தொடக்கம் 30 மில்லி பிளே திரும்ப வரவையுங்கோ. சென்ரர் ஸ்ராண்டில் பின் சில்லைக் கையால் சுற்றினால் சத்தமில்லாமல் சுற்றவேணும். பிறேக் அழுத்தினபடி பார்த்தால் ட்ரம்மின் கையும் ராட்டும் 90 பாகையைத் தாண்டக்கூடாது. தாண்டினால் ஷூ தேய்ஞ்சு முடிஞ்சுது, முதலில் ஷூவை மாற்றுங்கோ.

பின்னுக்கு டிஸ்க் உள்ள பைக்கில் இதைவிடக் கவனம் வேணும். ஸ்ரொப்பரால் மட்டும் பெடலை இறக்கினால் மாஸ்ரர் சிலிண்டரின் பிஸ்டன் உள்ளே தள்ளுப்பட்டு, ஓயில் திரும்பிப் போற சின்னத் துளையை மூடும். ஓடும்போது ஓயில் சூடேறி விரியும், போக வழி இல்லை, பிறேக் தானாகப் பிடிச்சுக்கொள்ளும். அங்க புஷ் ராட்டின் லொக் நட்டைத் தளர்த்தி, ராட்டையும் அதுக்கேற்றபடி குறைக்கவேணும். பிஸ்டனில் முட்டாமல் சின்ன இடைவெளி தெரியவேணும்.

பிறகு பிறேக் லைற் சுவிச். பெடலையும் சுவிச்சையும் ஒரு ஸ்பிரிங் இணைக்குது. பெடல் இறங்கினால் ஸ்பிரிங் இழுபட்டு லைற் நிரந்தரமாக எரியும். பின்னால் வாறவருக்கு நீங்கள் பிறேக் பிடிச்சது தெரியாமலே போகும். சுவிச்சின் உடம்பைச் சுற்றவிடாமல் பிடிச்சுக்கொண்டு நட்டை மட்டும் சுற்றி உடம்பைக் கீழே இறக்குங்கோ. உடம்பு சுற்றினால் வயர் முறுகி அறும். பிளே முடிஞ்சு பிறேக் பிடிக்கிறதுக்குச் சற்று முன் லைற் எரியவேணும்.

பெடல் எவ்வளவு இறங்கும் என்பதுதான் பெக் எவ்வளவு இறங்கலாம் என்பதைத் தீர்மானிக்கவேணும். மறுபக்கமாகச் செய்யக்கூடாது. பெக் 32 இறங்கி, பெடல் 15தான் இறங்கினது என்றால் ஒவ்வொரு முறையும் முழுப் பாதத்தையும் தூக்கி வைச்சுத்தான் பிறேக் பிடிக்கவேணும். அதுக்கு 0.2 செக்கன் கூடுதலாகப் போனாலே மணிக்கு 60 கிலோமீற்றரில் 3.3 மீற்றர். ஒழுங்கைக்குள்ளால சைக்கிளில் ஒரு பிள்ளை வந்தால் அந்த 3 மீற்றர் பெரிய தூரம்.

கிக்கர் அடிக்கிற பழக்கம் இருந்தால் வலது பெக்கை மடிச்சு, கிக்கரை மெதுவாகக் கையால் கடைசி வரை சுற்றிப் பாருங்கோ. சைட் ஸ்ராண்டையும் காலால் விரிச்சுப் பாருங்கோ, பெக் இறங்கினதால் கால் நுழைய இடம் இருக்குதோ என்று.

மருதடி90 எழுதியது:

இதை வாசிச்சுப்போட்டு பழைய ஹொண்டா சி90, எம்.டி.90 பைக் வைச்சிருக்கிற ஒருவரும் அடப்டர் தேடிப் போகவேண்டாம். அதுகளில் பெக் தனியாக இல்லை. எஞ்சினுக்குக் கீழே நாலு போல்ட்டில் ஒரே குறுக்குக் கம்பி, ரெண்டு ஃபுட்ரெஸ்ட்டும் அதிலேயே. சி90இல் சைட் ஸ்ராண்டும் அதில்தான். அந்தக் கம்பிக்கும் எஞ்சினுக்கும் இடையில் வாசர் அடுக்கி 20 மில்லி இறக்கிறதைச் செய்யாதேங்கோ. போல்ட் நீளம் பத்தாது, நீளப் போல்ட் போட்டாலும் அது வளைஞ்சு எஞ்சின் கேஸின் புரியைத்தான் உடைக்கும். அதுகளுக்குச் சீற் ஒன்றுதான் வழி.

வல்லைவெளி எழுதியது:

எல்லாருக்கும் நன்றி. போர்வை கட்டி நாலு நாள் ஓடினன். முழங்கால் விறைப்பு நல்லாக் குறைஞ்சது. ஆனால் மணிக்கட்டு நோகுது, நீங்கள் சொன்ன மாதிரி ஹாண்டில் தாழ்வாப் போச்சுது. அதனால் சீற்றில் 10, பெக்கில் மிச்சம் என்று யோசிக்கிறன்.

அளவும் எடுத்தன். பெக் நுனி நிலத்தில் இருந்து 290, நடுவில் இருந்து 335. பிறேக் பெடலை ஸ்ரொப்பரால இறக்கிப் பார்த்தால் 18 மில்லியோட நிக்குது, அதுக்குமேல் அழுத்தும்போது பெடல் கை சைலன்சர் பக்கம் கிட்டப் போகுது. அடப்டரின் கை 32. அப்ப அதை எந்தக் கோணத்தில வைக்கிறது? பெடல் கையைச் சூடாக்கி வளைச்சால் இன்னும் 10 எடுக்கலாம் என்று ஒருவர் சொன்னார்.

நீர்வேலி_ஸ்பனர் எழுதியது:

வளைக்கவேண்டாம். பிறேக் பெடலுக்குச் சூடு காட்டினால் அந்த இடத்தில் இரும்பின் தன்மை மாறும். அவசரமாக மிதிக்கிற நாளில் அங்கதான் மடியும்.

பெடல் 18 நிக்குது என்றால் பெக்கும் 18க்கு மேல் போகக்கூடாது. கையை நேர்கீழில் இருந்து முன்னுக்கு 60 பாகை திருப்பினால் 16 கீழே, 28 முன்னுக்கு. 50 பாகை என்றால் 21 கீழே, 25 முன்னுக்கு. உங்களுக்கு 60. ஆனால் 28 முன்னுக்குப் போனால் கியர் லீவர் ரப்பருக்கும் பெக்குக்கும் இடையில் இடம் குறையும், உங்கட உயரத்துக்குப் பாதமும் நீளம். சப்பாத்தோட பெருவிரல் லீவருக்குக் கீழே தாராளமாக நுழையுதோ என்று பார்த்துவிட்டு இறுக்குங்கோ. நுழையாவிட்டால் இந்த 32 கை உங்கட பைக்குக்குப் பெரிசு.

கொக்குவில்_லேத் எழுதியது:

அப்படி வந்தால் அட்ஜஸ்டபிளை விட்டுவிட்டு நேரே 16 இறக்கின நிலையான அடப்டர் ஒன்று கடைஞ்சு எடுக்கிறது மேல். ஒருக்கா இடம் பிடிச்ச பிறகு ஒருவரும் அதை அசைக்கிறதில்லை. பல் இல்லை, அதனால் வழுக்க ஒன்றும் இல்லை. முன்னுக்கும் போகாது, முறுக்கும் வராது.

அளவு இதுதான். மைல்ட் ஸ்ரீல் கட்டையில் நாக்கும் காதும் ஒரே துண்டாக வெட்டவேணும், வெல்டிங் பிடிக்கக்கூடாது. மேல் துளைக்கும் கீழ்த் துளைக்கும் மையத்துக்கு மையம் 16 வராது, 10 மில்லிப் பின்னுக்கு இடையில் 6தான் மிஞ்சும். அதனால் கீழ்க்காதை 20 வெளியால் தள்ளி, துளைகளைப் பக்கம் பக்கமாக வைக்கவேணும். ஒவ்வொரு துளையின் மையத்தில் இருந்தும் விளிம்புக்கு 15 இருக்கட்டும். உள்நாக்கு பைக் காதின் அடிமுகத்தில் இறுகத் தட்டி நிற்கவேணும், அது ஆடாமல் இருக்க அடியால் ஒரு எம்6 இறுக்கு போல்ட், லொக் நட்டோட. கம்பனி பெக், கம்பனி ஸ்பிரிங் கீழ்க்காதில். மடங்கிறது அங்க மட்டும்.

20 வெளியால் போறதைச் சாய்வில் பாருங்கோ: இப்ப 290க்கு 335, அதாவது 41 பாகை. பிறகு 274க்கு 355, 37 அல்லது 38. போதும்.

உருக்கு என்பதால் வல்லைக் காற்றுக்குக் கறள் பிடிக்கும். சிங்க் பிரைமர் ரெண்டு கோட், மேலே கறுப்பு எனாமல், துளைக்குள் பெயின்ற் போகாமல் கிறீஸ் அடைச்சு அடிக்கவேணும். பூட்டி முதல் 100 கிலோமீற்றர் ஓடினதும் எம்6 இறுக்கு போல்ட்டையும் ஸ்பிளிற் பின்னையும் திரும்ப ஒருக்கா பாருங்கோ. பெயின்ற் நசுங்கி அது கொஞ்சம் தளர்ந்துதான் இருக்கும்.